கெடுவுக்கு முன்

வெள்ளியங்கிரியின் கருமாதிக்கு வந்த உறவுக்காரர்கள் வண்டி கட்டிப் போன மறுநாள் காலையில் அவன் மனைவி நஞ்சம்மாள் அவனுடைய மரப்பெட்டியைத் திறந்தாள். அடியில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, அரக்கு நிறப் பட்டுச் சேலை ஒன்று இருந்தது. அவன் அதை அவளுக்குக் காட்டியதே இல்லை. மடிப்புக்குள் இருந்த கடைச் சீட்டை மூத்த மகள் பழனியாத்தாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கிணற்றை ஆழப்படுத்திய வருசத்துத் தேதி. கடன் தீருகிற அன்றைக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறான். நஞ்சம்மாள் எழுந்து நின்று சேலையை உதறி விரித்தாள். மடித்த இடங்களையெல்லாம் பூச்சி தின்றிருந்தது. சன்னல் வெளிச்சம் அதன் ஓட்டைகளுக்குள் புகுந்து தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பதினாறு நாளும் அழுதவளுக்கு அப்போது அழுகை வரவில்லை. உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். பூச்சி தொடாத இடமாகப் பார்த்து வெட்டி, அன்னூர்த் தையல்காரனிடம் கொடுத்து, இரண்டு பெண்களுக்கும் பாவாடை தைத்து வாங்கினாள். சாவு விழுந்து ஒரு மாதம் ஆகாத வீட்டில் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓடுவதை ஊரே பார்த்தது.

வெள்ளியங்கிரி கெட்டவன் இல்லை. அன்னூருக்கு மேற்கே மூன்று மைலில் அவனுக்கு நாலு ஏக்கர் பூமி. கிணற்றை ஆழப்படுத்த அப்பனுடைய பங்காளி குமாரசாமிக் கவுண்டரிடம் அதை அடமானம் வைத்து ஆயிரம் ரூபாய் வாங்கினான். தண்ணீர் வந்தது. ஆனால் அடுத்த வருசமே பருத்தி விலை பாதியாக விழுந்தது. அன்றிலிருந்து அவன் வாயில் ஒரே பேச்சுத்தான். இட்லி சுடட்டுமா என்றால் கடன் தீரட்டும். காரமடைத் தேருக்குப் போகலாமா என்றால் கடன் தீரட்டும். சின்னவள் மயிலாத்தாள் வளையல்காரனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தால், அப்பன் வாயைத் திறக்கும் முன்பே தானே அதைச் சொல்லிக்கொண்டு திரும்பிப் போவாள். ஐப்பசியில், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைச் சாலின் இரும்பு வளையம் காலைக் கிழித்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நஞ்சம்மாள் மூன்று நாள் சொன்னாள். அதற்கும் அதே பதில்தான். எட்டாம் நாள் தாடை கட்டிக்கொண்டது. பிறகு வண்டி பூட்டினார்கள். பாதி வழியில் திரும்பி வந்தார்கள். அவனுக்கு முப்பத்தாறு வயது. கடனில் அறுநூறு மிச்சம் இருந்தது.

குமாரசாமிக் கவுண்டர் ஒரு மாதம் பொறுத்து வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, கைத்தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு, நல்ல விதமாகத்தான் பேசினார்.

"ஆம்பளை இல்லாத ஊடு. ரெண்டும் பொட்டப்புள்ளை. பூமிய எனக்கு எழுதிக் குடுத்துரு அம்மணி. கடனும் கழிஞ்சுது, கையில இருநூறு தாரேன். உங்கப்பன் ஊட்டுல போயி நிம்மதியா இரு."

அவர் முன்னால் நிமிர்ந்து பேசியிராத நஞ்சம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கெடு எப்பங்க மாமா?"

"இன்னும் அஞ்சு வருசம் கெடக்குது. நீ எங்கிருந்து கட்டுவே?"

"அஞ்சு வருசம் ஆகாதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

அவளுக்குத் தெரிந்தது வெண்ணெய். அவள் கடைகிற வெண்ணெயை வெள்ளியங்கிரி அன்னூர்ச் சந்தையில் ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவந்தான். அந்த வியாபாரி அதைக் கோயமுத்தூரில் காபி கிளப்புகளுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறான் என்று நஞ்சம்மாள் ஒருநாள் பஸ் ஏறிப் போய் நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதன்பின் வியாபாரி வேண்டியிருக்கவில்லை. காளைகளை விற்று இரண்டு எருமை வாங்கினாள். பூமியை விளைச்சலில் பங்குக்கு வாரத்துக்கு விட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சந்தை விலைக்குக் காலணா கூடக் கொடுத்து வெண்ணெய் வாங்கினாள். திங்களும் வியாழனும் காலை பஸ்ஸில் தகர டின்களை மேலே ஏற்றிவிட்டு, பெண்களில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெள்ளைச் சேலைக்காரி எதிரே வருகிறாள் என்று காலையில் நின்று திரும்புகிறவர்களுக்காக அவள் வேறு பாதை தேடவில்லை. அவர்கள்தான் வாரத்தில் இரண்டு நாள் வேறு பாதை தேட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பயணத்திலும் வந்த பணத்தைக் கோயமுத்தூர் உக்கடத்துக் குளக்கரையில் உட்கார்ந்து பிரிப்பாள். கடனுக்கு என்று பெரும்பங்கு. வீட்டுக்குக் கொஞ்சம். கடைசியாக ஒரு சின்னப் பங்கு இருக்கும். அது அன்றைக்கே, ஊர் திரும்புவதற்கு முன், செலவாகிவிட வேண்டும். இந்தக் கடைசிப் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். சில நாள் காபி. சில நாள் அல்வா. ஒரு நாள் மயிலாத்தாளுக்கு முழங்கை வரை கண்ணாடி வளையல். மாதத்தில் ஒரு முறை டாக்கி. முதல் தடவை கொட்டகையில் விளக்கை அணைத்ததும் பழனியாத்தாள் பயந்து அவள் மடியில் ஏறிவிட்டாள். நஞ்சம்மாளுக்கும் பயம்தான். ஆனால் திரையில் ராசா ஒருவர் வாளால் குத்துப்பட்டுக் கிடந்தபடி நீளமாக ஒரு பாட்டுப் பாடினார். பாட்டு முடிகிறவரைக்கும் அவருக்கு உயிர் போகவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள். அவன் இருந்த காலத்திலும் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை.

முதல் வருச முடிவில் நூற்றைம்பது ரூபாயைக் கொண்டுபோய்க் குமாரசாமிக் கவுண்டரிடம் நீட்டினாள். சில்லறை சில்லறையாக வாங்க முடியாது, கட்டினால் மொத்தமாகக் கட்டு, அதுவரை வட்டி மட்டும் கொடு என்று சொல்லிவிட்டார். அவள் வட்டியைக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போய்க் கோயமுத்தூர்த் தபாலாபீசில் போட்டாள். தபாலாபீஸ் சங்கதி ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் டாக்கியும் அல்வாவும் வளையலும்தான்.

மாசியில் அவள் வண்டி பேசிக்கொண்டு பெண்களோடு காரமடைத் தேருக்குப் போனாள். அங்கே ராட்டினம் போட்டிருந்தார்கள். சின்னவள் தனியாக ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்க, நஞ்சம்மாள் காசைக் கொடுத்துவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள். உச்சிக்குப் போனபோது தேரின் கலசமும், அதற்கு அப்பால் மலையும் தெரிந்தன. கீழே பார்த்தாள். தன் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்பது தெரிந்தது. இறங்கி ஒளிந்துகொள்ள வழியில்லை. ராட்டினம் நின்றதும் இன்னொரு சுற்றுக்குக் காசு கொடுத்தாள்.

மறுநாளே குமாரசாமிக் கவுண்டர் வந்துவிட்டார். இந்தத் தடவை கூட இரண்டு பெரியவர்கள்.

"தாலியறுத்தவ ராட்டினத்துல ஏறிச் சுத்தறயாமா. டாக்கிங்கறாங்க, அல்வாங்கறாங்க. என்ற கடனை வெச்சுக்கிட்டு உனக்கு இதெல்லாம் எதுக்கு?"

நஞ்சம்மாள் அன்றைக்குக் கதவைப் பிடிக்கவில்லை. மோர் கடைந்துகொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வட்டி பாக்கி இருக்குதுங்களா மாமா?"

"வட்டியைப் பத்தி இப்ப யாரு பேசறா?"

"பூமியத்தானுங்க உங்ககிட்ட அடமானம் வெச்சுது. எங்களையும் சேத்து எழுதிக் குடுக்கலீங்க. இந்த ஊட்டுல ஒருத்தரு கடன் தீரட்டும் கடன் தீரட்டும்னே போயிச் சேந்துட்டாரு. நீங்கதான் முன்னால நின்னு எடுத்துப் போட்டீங்க. என்ற புள்ளைக அப்பிடி இருக்க மாட்டாங்க."

பெரியவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவ்வளவுதான். அவர்கள் போனபின் அவள் உள்ளே போனாள். தாழியருகே உட்கார்ந்து மத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கடையாமல் இருந்தாள்.

குமாரசாமிக் கவுண்டர் அதன்பிறகு வரவில்லை. அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இப்படிச் செலவழிக்கிறவள் கெடுவுக்கு வெறுங்கையோடுதான் நிற்பாள். பைக்காரா மின்சாரம் அன்னூர்ப் பக்கம் வருகிறது என்று பேச்சு அடிபட்ட வருசம் அது. கம்பங்கள் அவளுடைய காட்டை ஒட்டித்தான் நடப்படும் என்றார்கள். வற்றாத கிணறு, பக்கத்திலேயே கம்பி. அவர் கோயமுத்தூருக்குப் போய் ஒரு மோட்டாருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார். எந்தக் கிணற்றுக்கு என்று கேட்டவர்கள் முன்னால் மீசையைத் தடவினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருசம், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. கெடுவுக்கு இன்னும் இரண்டரை வருசம் இருந்தது. நஞ்சம்மாள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப் பையும் தூக்குப் பாத்திரமும், கக்கத்தில் சுருட்டிய பாயுமாக, குமாரசாமிக் கவுண்டர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பையில் அறுநூறு ரூபாயும் அன்றைய தேதி வரைக்கும் வட்டியும் இருந்தது. அவர் நம்பாமல் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு பையைக் கட்டி அவள் பக்கமே நகர்த்தினார்.

"இப்ப என்ன அவசரம் அம்மணி? பெரியவளுக்குப் பதினாலு ஆச்சு. கலியாணத்துக்கு வெச்சுக்க. கெடு வரட்டும், பாத்துக்கலாம்."

"கெடுவுக்கு முன்னால எப்பக் குடுத்தாலும் வாங்கிக்கோணும்னு பத்திரத்துல இருக்குதுங்க. படிச்சுக் கேட்டுட்டேன்."

"எனக்கு இன்னைக்கு நேரமில்ல. ஆடி போயி ஆவணியில வா."

"சரிங்க. நேரம் வார வரைக்கும் இருக்கறேனுங்க. இல்லீன்னா திங்கக்கிழமை கோயமுத்தூர் வக்கீலு சொன்னபடி கோர்ட்டுல கட்டிப்போடறேன்."

அவள் வாசலிலேயே பாயை விரித்தாள். பெண்களை உட்கார வைத்துத் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். இட்லி, தேங்காய்ச் சட்னி, மேலே ஊற்றிக்கொள்ள நெய். அப்புறம் முறுக்கும் அல்வாவும் பொட்டலம் பிரிந்தன. கவுண்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வேலியோரம் நின்றார்கள். நஞ்சம்மாள் யாரையும் பார்க்கவில்லை. போன வாரம் மறுபடியும் பார்த்த அந்த ராசா டாக்கியின் கதையைப் பெண்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அவர்களும் கூடத்தான் பார்த்தார்கள். ஆனாலும் அவள் சொன்னாள். மயிலாத்தாள் நடுநடுவே எழுந்து நின்று, ராசா செத்துப்போவதை நடித்துக் காட்டினாள். கீழே விழுந்து, தலையைத் தூக்கி ஒரு அடி பாடி, மறுபடி விழுந்தாள். வேலிக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே பரவியது.

உச்சிப் பொழுதில் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு கவுண்டரின் மனைவி சுப்பாத்தாள் மோர்ச் சொம்போடு வந்தாள். ஐம்பது வயது. கழுத்திலும் காதிலும் கனமாகத் தங்கம். குதிர் நிறைய நெல்லும் பெட்டகம் நிறையப் பணமும் இருக்கிற அந்த வீட்டிலிருந்து அவள் அன்னூரைத் தாண்டிப் போனதில்லை. பெண்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். சொம்பை எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றாள். பிறகு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, செத்தவன் எப்பிடிப் பாடுவான்?"

"செத்த பொறகு இல்லீங்க அத்தை. பாடி முடிச்சுப்போட்டுத்தான் சாவாரு" என்றாள் நஞ்சம்மாள்.

"அது வரைக்கும் குத்தினவன் சும்மாவா நிப்பான்?"

"அவனும் கேட்டுக்கிட்டு நிப்பானுங்க."

சுப்பாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. மயிலாத்தாளை மறுபடி சாகச் சொன்னாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார் கவுண்டர். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"வாரேனுங்க. சித்த இருங்க. அந்தப் பணத்தை வாங்கிப்போட்டு எழுதித்தான் குடுங்களே. ஊரே நின்னு பாக்குது."

சாயங்காலத்துக்கு முன் கதவு திறந்தது. திங்கட்கிழமை அன்னூர்ப் பதிவு ஆபீசில் அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் கேட்டார், கிணற்றை வாடகைக்காவது விடுவாயா என்று. மோட்டாருக்குக் கட்டிய முன்பணம் திரும்பாது.

"நானே மோட்டார் வெக்கலாம்னு இருக்கறேனுங்க மாமா. உங்க மோட்டாரைக் குடுக்கறதுன்னா சொல்லுங்க. பேசிக்கலாம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அந்த வாரத்து வியாழக்கிழமை. வெயில் இன்னும் ஏறவில்லை. புளியமரத்தடியில் நஞ்சம்மாளும் பழனியாத்தாளும் டின்களோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். ஊர்ப்பக்கமிருந்து ஒரு பச்சைச் சேலை வேகமாக வந்துகொண்டிருந்தது. அருகே வந்தபின்தான் சுப்பாத்தாள் என்று தெரிந்தது. மூச்சு வாங்கியது. கையில் ஒன்றும் இல்லை. முந்தானை முனையில் காசு முடிந்திருந்தாள்.

"மாமங்கிட்டச் சொல்லிப்போட்டு வந்தீங்களா அத்தை?"

"காட்டுக்குப் போயிருக்கறாரு. வந்தா தெரிஞ்சுக்குவாரு." பிறகு முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டு, "அந்த டாக்கியைப் பாத்துப்போட்டுச் சாயங்காலத்துக்குள்ள திரும்பிருவமா அம்மணி?"

நஞ்சம்மாள் பதில் சொல்வதற்குள் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. டின்கள் மேலே ஏறின. பழனியாத்தாள் ஏறிவிட்டுத் திரும்பிக் கையை நீட்டினாள். சுப்பாத்தாள் கம்பியைப் பிடித்தாள். படி உயரமாக இருந்தது. வெள்ளி மிஞ்சி போட்ட ஒரு கால் படிமேல் இருந்தது. இன்னொரு கால் மண்ணிலேயே நின்றது. அவள் ஊர் இருந்த திசையை ஒரு தரம் பார்த்தாள். டிரைவர் ஹாரனை அமுக்கினான்.