கொலையாளியின் பெயர்

ரதி மச்சாள் துஷாந்தினியின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"உயிர் போற நேரத்திலை மனுசனுக்குக் கொலைக்கதையோ வாசிக்கிறீர்?"

"மாமாதான் மச்சாள் கேட்டவர். கடைசி அத்தியாயம் மட்டும்தான் கிடக்கு."

"அப்பாக்கு இப்ப என்ன விளங்கும்? சிவபுராணம் கேக்கட்டும்."

கட்டிலில் கிடந்த நமசிவாயத்துக்கு எல்லாம் விளங்கும். காலையில்கூட, "முடிவைச் சொல்லு பிள்ளை" என்று மருமகளிடம் கேட்டிருந்தார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கண் மங்கிய பிறகு, பின்னேரங்களில் துஷாந்தினி அந்த ஆங்கில நாவலை வாசித்துத் தமிழில் சொல்லி வந்தாள். கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று கிழடுகள் மூட்டுவலியோடு கொலைகாரனைத் தேடித் திரிகிற பகிடிக் கதை. அதில் வரும் ஓய்வுபெற்ற பல்வைத்தியரை மாமாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. "இந்தாள் என்னைப் போலை. பொய்யை மணந்தே பிடிச்சிடும்" என்பார். செத்தவரின் வீட்டுக்குக் கேக்கோடு வந்து போகிற அவருடைய தம்பியின் மகன், அந்தப் பெறாமகன்தான் கொலைகாரன் என்று தீர்ப்பும் சொல்லியிருந்தார். அவர் சிரித்துச் சிரித்து இருமியதை டொரன்டோவில் இருந்து இப்போதுதான் வந்த ரதி எங்கே கண்டாள்?

தலையணையில் வைத்த போனில் சிவபுராணம் பாதியில் நின்று பிஸ்கட் விளம்பரம் பாடியது. ஒருவரும் நிறுத்தவில்லை. சாந்தகுமார் சித்தப்பா ரோல்ஸ் தின்ற எண்ணெய்க் கையால் மாமாவின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்றுவிட்டு அடுத்த ரோல்ஸை எடுத்தார். துஷாந்தினி புருஷன் கிருபாகரனைப் பார்த்தாள். தமக்கை முன்னால் அவன் வாய் திறக்கமாட்டான்.

ரதி எறிந்த புத்தகம் செருப்புத் தட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், அடுப்படியில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். கொலை செய்தது பல்வைத்தியர்.

இதை எந்த வாயால் அவரிடம் சொல்வது?

அதற்குள் பால் பருக்கத் தொடங்கிவிட்டார்கள். ரதி பருக்கியதைக் கிருபாகரன் படம் எடுத்தான். சரியாக வரவில்லை என்று அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். மாமாவுக்குப் புரையேறியது. பால் கழுத்து வழியே வடிந்ததைத் துஷாந்தினிதான் துடைத்தாள். இவர்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவேண்டும் போல இருந்தது.

அவளுடைய முறை வந்தது. நாலு துளி பாலை உதட்டில் விட்டு, காதருகே குனிந்தாள்.

"மாமா, நீங்கள் சொன்னதுதான் சரி. பெறாமகன்தான்."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கூண்டில் நிற்கிறவர்களை முப்பது வருடம் பார்த்த கண். பிறகு தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார்.

"பால் போதுமாம்" என்று ரதி கரண்டியை வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். துஷாந்தினியால் மறுபடி கிட்டப் போக முடியவில்லை. கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது.

காலையிலிருந்து மற்றவர்கள்மேல் இருந்த அருவருப்பு இப்போது அவள்மேலேயே திரும்பியது. அவருக்கு விளங்காது என்று ரதி சொன்னாள். அவருக்குத் தாங்காது என்று இவள் நினைத்தாள். இதில் என்ன பெரிய வித்தியாசம்?

அடுத்த நாள் மலர்ச்சாலையில் சவப்பெட்டியின் தலைமாட்டில், டொரன்டோவில் இருக்கிறவர்கள் பார்ப்பதற்கு நேரலைக் கமரா நின்றது. பெண்கள் வரிசையில் வந்து வாய்க்கரிசி போட்டார்கள். துஷாந்தினி அரிசியைக் கையில் பொத்தியபடி நன்றாகக் குனிந்தாள்.

"நான் பொய் சொல்லிப்போட்டன் மாமா. பல்வைத்தியர்தான் செய்தவர். செத்த ஆள் அவரின்ரை பழைய கூட்டாளி. முதல் நாளே..."

பின்னால் நின்றவர்கள் அவள் அழுகிறாள் என்று பொறுத்துக்கொண்டார்கள். வரிசை வாசல் வரைக்கும் நீண்டது.

"அக்கா, டொரன்டோக்கு ஐயான்ரை முகம் தெரியேல்லையாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றான் கமராக்காரன்.

துஷாந்தினி தள்ளி நிற்கவில்லை. சொல்லி முடிக்க இன்னும் இரண்டு பக்கம் இருந்தது.