சாம்பலக்காவின் மூக்கு

முதல் கோர்ட்டில் பொய்யைக் கண்டுபிடிப்பது சாம்பலக்காவின் வேலை. சாம்பல் நிறப் பூனை, பதினெட்டு வருட சர்வீஸ். அந்த ஊரில் மிருகங்கள் பேசும், வேலைக்கும் போகும். காகங்கள் சம்மன் கொண்டுபோகும். ஒருமுறை பார்த்த முகத்தை அவை மறப்பதில்லை. எருமை படுத்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் உண்டு. பூனைகளுக்குப் பொய்யின் வாடை தெரியும். யாராவது பொய் சொன்னால் தும்மல் வரும், அடக்க முடியாது. கூண்டில் நிற்பவர் பேசும்போது பூனை தும்மிவிட்டால் அதற்கு மேல் வக்கீலுக்கு வேலையில்லை.

அந்தக் கோர்ட்டின் டைப்பிஸ்ட், தினமும் மதியச் சாப்பாட்டை சாம்பலக்காவோடுதான் சாப்பிடுவாள். போன வருடம் அவளுடைய தம்பிக்குப் பன்னிரண்டு வருட சிறை கிடைத்ததே அந்தப் பூனையின் ஒரு தும்மலால்தான். மிளகாய் கோடவுனுக்குக் காவல் இருந்தவன் அவன். கோடவுன் எரிந்து உள்ளே தூங்கிய இரண்டு சுமைதூக்கிகள் இறந்துபோனார்கள். "நான் பத்த வைக்கல" என்றான். சாம்பலக்கா தும்மியது. தும்மலோடு யார் சண்டை போட முடியும்? அவளும் நம்பினாள். ஒருநாள்கூட அவனைச் சிறையில் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு மதியம், மாமா வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"தம்பியப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்மா. நல்லா இருக்கான். கொஞ்சம் சதை போட்டிருக்கான்."

போனை வைத்த பிறகுதான் எதிரே பூனை இருப்பது அவளுக்கு உறைத்தது. அந்தக் கட்டடத்தில் சாம்பலக்காவின் முன்னால் யாரும் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்வதில்லை. பூனை மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தது. தும்மவில்லை.

அவள் இன்னொரு பொய்யை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, நேத்து எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"சொல்லவே இல்லையே. மாப்பிள்ளை எங்க வேலை பாக்குறார்?"

அவள் பூனையின் மூக்கையே பார்த்தாள். பூனை தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு தட்டை விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.

"ரெண்டு வருஷம் ஆச்சு தங்கச்சி. ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட மூக்கு போயிடுச்சு. அதுக்கப்புறம் முகத்தையும் குரலையும் பாத்து நானே குத்துமதிப்பாத் தும்முறேன்."

"என் தம்பிக்கு?"

"அது நானாத் தும்மினதுகூட இல்ல. பிடிச்சப்ப போட்டிருந்த அதே சட்டைலதான் நின்னான், முழுக்க மிளகாய் நெடி. தானா வந்துச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஜட்ஜ் ஐயா எழுத ஆரம்பிச்சிட்டார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா வேலைக்கு ஆகாத பூனைங்க காப்பகம்தான். அங்க போன பூனை எதுவும் ஒரு வருஷத்துக்கு மேல பேசினதில்ல. பேச ஆள் இல்லன்னா எங்களுக்குப் பேச்சு போயிடும். வெறும் பூனையாயிடுவோம்."

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "அவனுக்கு இன்னும் பதினொரு வருஷம் இருக்குக்கா" என்றாள். பூனை எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தது. "காலைல ஐயா ரூமுக்குக் கூட்டிட்டுப் போ" என்றது கடைசியில்.

மறுநாள் நீதிபதியின் மேஜைமேல் நின்று சாம்பலக்கா எல்லாவற்றையும் சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு வருஷத்துல எத்தனை தீர்ப்பு?"

"நானூத்திப் பதினேழுங்க ஐயா" என்றாள் டைப்பிஸ்ட். அத்தனையும் அவள் அடித்ததுதான்.

"இப்ப இது சொல்றது உண்மைன்னு யார் சொல்றது?"

இரண்டாவது கோர்ட்டிலிருந்து மஞ்சள் பூனையை வரவழைத்தார்கள். வயது குறைந்த தாய்ப்பூனை, மூக்கில் பழுதில்லை. சாம்பலக்கா மறுபடி முதலிலிருந்து சொன்னது. மஞ்சள் பூனை தரையைப் பார்த்தபடி கேட்டது. முடிந்ததும் தும்மியது.

நீதிபதி பெருமூச்சு விட்டார். அதில் இருந்தது நிம்மதி என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வராந்தாவில் அவள் மஞ்சள் பூனையை மறித்தாள். "நிஜமாவே பொய் வாடை அடிச்சுதா?"

"இல்ல. ஒரு வார்த்தைலகூட இல்ல."

"அப்புறம் ஏன்?"

"இவங்க மூக்கு போச்சுன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு எங்க எல்லார் மூக்கையும் சந்தேகப்படுவாங்க. வேலை போகும். மூணு குட்டி வச்சிருக்கேன். இப்பதான் பேசப் பழகுதுங்க." அது சுவரோரமாக நடந்து போய்விட்டது.

நீதிபதி உத்தரவைச் சொல்ல, அவள்தான் அடித்தாள். முதுமையால் புத்தி தடுமாறிய பூனை காப்பகத்துக்கு அனுப்பப்படுகிறது. முந்தைய தீர்ப்புகளில் மாற்றமில்லை. தான் அடிக்காவிட்டால் பக்கத்து அறையில் இருப்பவர் அடிப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அடித்த விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வண்டியில் ஏற்றியபோது சாம்பலக்கா, "வந்து பேசிட்டுப் போ" என்றது. போனாள். வாரம் ஒருமுறை, கம்பிக்கு வெளியே பத்து நிமிடம். அது போதவில்லை. ஐந்தாவது மாதம் அவள் கூப்பிட்டதற்கு அது மியாவ் என்றது.

அதற்குப் பிறகுதான் தம்பியைப் பார்க்கப் போகும் துணிச்சல் வந்தது. இளைத்து, முடி கொட்டி, வேறு யாரோ போல இருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மிளகாய் நெடி, காய்ச்சல், மஞ்சள் பூனை, எதையும் விடவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டான்.

"விடுக்கா. ராத்திரி குளிருக்குக் கட்டை கொளுத்தியிருப்பேன் போல. எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

"நீ பத்த வைக்கலடா."

"அப்படித்தான் நானும் முதல்ல நினைச்சேன். நீயும் அம்மாவும்கூட நம்பலையே. பூனை தும்மிச்சே. மூக்குக்கு என்மேல என்ன பகை?"

"நான் சொல்றத நம்புடா."

"என்னைத் தேத்தத்தான் நீ சொல்றன்னு தெரியுதுக்கா. செத்தவங்கள்ல ஒருத்தனுக்குக் கைக்குழந்தை. அதோட முகத்தை நினைச்சுத்தான் தினமும் எந்திரிக்கிறேன். அதையும் பிடுங்கிட்டா இத்தனை நாள் நான் எதுக்கு உள்ள கெடந்தேன்?"

மணி அடித்தது. அவன் எழுந்து வரிசையில் நின்றான். "அடுத்த தடவை வரும்போது இதைப் பேசாதக்கா" என்றான்.

அவள் சரி என்றாள்.