பெட்டி நனைந்திருந்ததா?

பண்டிகைக் காலம் வந்துவிட்டால் ஊரில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள் என்பது சல்லடையின் எண்ணம். மீதிப் பாதிப் பேர் இன்னும் ஃபோன் லைன் கிடைக்காமல் காத்திருப்பவர்கள்.

சல்லடை என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். வீடு வீடாகப் பார்சல் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பார்சல் வரலை" என்று அழைப்பவர்களிடம் நாள் முழுக்கப் பேச வேண்டும். வந்த பார்சலை வரவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கிற ஆசாமிகளை அவள் சலித்து எடுத்துவிடுவாள். அவள் காதில் பூச்சுற்றிவிட்டுப் போனவர் யாரும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதற்கென்று ஒரு கேள்வி வைத்திருந்தாள். முதலில் நன்றாகக் குழைவாள். "ஐயோ, பண்டிகை நேரத்துல இப்படி ஆயிடுச்சே" என்று உச்சுக் கொட்டுவாள். எதிராளி இளகியதும், போகிற போக்கில், "ஆமா, பெட்டி நனைஞ்சிருந்துச்சா?" என்று கேட்பாள். வராத பெட்டி நனைந்ததா காய்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? உண்மையாகவே கிடைக்காதவர்கள், "பெட்டியே வரலைங்கறேன், நனைஞ்சுச்சான்னு கேக்கறீங்களே, காது கேக்குதா இல்லையா?" என்று எரிந்து விழுவார்கள். வாங்கிப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் மட்டும், "இல்லையே, காஞ்சுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

போன பண்டிகையின்போது கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் இந்தக் கேள்வியில் மாட்டினார். சொந்த நிறுவனத்திலேயே கைவரிசை காட்டியவர். மத்தியானம் பிடிபட்டார், சாயங்காலம் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். வாடிக்கையாளர் பொய் சொன்னால் கணக்கை மூடுவார்கள், வேலை செய்பவர் சொன்னால் வேலை போய்விடும். அவரைப் பிடித்தவளும் சல்லடைதான். அன்றைக்கு அவளுக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்படி நாள் முழுக்கப் பொய்யை மென்று தின்றுவிட்டு வீட்டுக்கு வருபவள் வாய் சும்மா இருக்குமா? கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவளும் மாமனாரும்தான். மாமனார் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர், யார் என்ன சொன்னாலும் "அப்படியா" என்று நம்பிக்கொண்டிருந்த நல்ல மனிதர். அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, செல்போன் பெட்டிக்குள் செங்கல் வந்த கதை, பார்சலை வாங்கியவரின் வங்கிக் கணக்கு துடைத்து எடுக்கப்பட்ட கதை என்று அவிழ்த்துவிடுவாள்.

"மாமா, நாம ஆர்டர் பண்ணாத பார்சல் வந்தா தொடவே தொடாதீங்க. தெரியாம வாங்கிட்டா வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. புரியுதா?"

"புரியுதும்மா."

புரிந்ததோ இல்லையோ, பயம் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட அவர் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தார்.

அவருக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார், வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்ல மாட்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. பண்டிகைக்கு மாமாவுக்கு என்று, முழங்காலில் சுற்றிக்கொண்டால் அதிர்ந்து பிடித்துவிடும் கருவி ஒன்றை ஆர்டர் செய்தாள். சொல்லாமல் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அதனால் அவரிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் அவள் வேலையில் இருக்கும்போது, பார்சல் சேர்ந்துவிட்டதாக அவள் நிறுவனத்திலிருந்தே செய்தி வந்தது. கூடவே ஒரு போட்டோ. அவள் வீட்டு வாசல்படி, அதன் மேல் ஒரு அட்டைப்பெட்டி. பண்டிகை நெரிசலில் வாங்குபவரிடம் ரகசிய எண் கேட்பதையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள், போட்டோ இருந்தால் போதும்.

சாயங்காலம் ஆவலாக வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, பார்சல் ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லையேம்மா. ஒண்ணும் வரலையே." மாமனார் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்க காலுக்குத்தான் மாமா ஒரு மெஷின் வாங்கினேன். வந்திருச்சுன்னு போட்டோ காட்டறான்."

மாமனார் அவளைத் திரும்பிப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். பிறகு, "எனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்று மட்டும் முனகினார்.

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் சல்லடை அங்கேயே சலித்துக் கொட்டியிருப்பாள். வீட்டு மனிதராயிற்றே, அவளுக்குச் சந்தேகம் வரவேயில்லை. வந்த சந்தேகமெல்லாம் டெலிவரிக்காரன் மேல்தான் போய் விழுந்தது.

சொந்தப் புகாரைத் தானே எடுக்கக் கூடாது என்பது அலுவலக விதி. காலையில் பக்கத்து இருக்கைத் தோழியின் காதைக் கடித்தாள்.

"டெலிவரிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மூடலாமே?" என்றாள் தோழி.

"கேட்டா என்ன சொல்லப் போறான்? குடுத்துட்டேன்னு சத்தியம் பண்ணுவான். வாசல்ல வச்சு ஒரு போட்டோ, திரும்ப தூக்கிப் பைக்குள்ள ஒரு போடு. நாம பாக்காத ஆளா? திருட்டுன்னு போடு."

தோழி போட்டுவிட்டாள். பண்டிகைக் காலத்தில் அது ஒன்றே போதும், அந்த ஆளுக்குப் பிறகு பார்சல் தர மாட்டார்கள். அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்க ஆளும் கிடையாது. டெலிவரிக்காரர்களுக்கென்று கொடுத்திருக்கும் எண் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தாள். டெலிவரிக்காரன் நின்றுகொண்டிருந்தான். வருஷக்கணக்காக இந்தத் தெருவுக்கு வருகிறவன்தான். முதுகில் அந்தப் பெரிய பை இல்லாததால் ஆள் பாதியாகத் தெரிந்தான்.

"அக்கா, என் ஐடியை மூடிட்டாங்க. உங்க வீட்டுப் பார்சலை நான் திருடிட்டேனாம்."

"அதுக்கு இங்க எதுக்கு வந்தே? ஆபீஸ்ல போய்ப் பேசு."

"யாரும் பேச மாட்டேங்கறாங்கக்கா. பண்டிகை மாச ஓட்டத்தை வச்சுத்தான் எங்க வீட்டுல வருஷமே ஓடுது. உங்களுக்கே தெரியும், இத்தனை வருஷத்துல ஒரு கவர் குறைஞ்சிருக்கா? போட்டோ எடுத்துட்டு ஐயா கையிலதான் குடுத்தேன். ஐயாவைக் கேளுங்க."

இப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் இருக்கிற வயசானவர் தலையில் கட்டிவிட்டால் தீர்ந்தது, அவருக்கு ஞாபகமறதி என்று சொல்லிவிடலாம். மாமனார் கதவுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"மாமா, இவர் உங்க கையில குடுத்தாராமே?"

"எனக்கு... எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா."

"பார்த்தியா?" என்று டெலிவரிக்காரன் பக்கம் திரும்பினாள். அவனையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று, பழக்கதோஷத்தில் குரலைக் குழைத்துக்கொண்டாள். "சரி தம்பி, நீ குடுத்தேன்னே வச்சுக்குவோம். பெட்டி நனைஞ்சிருந்துச்சா?"

"இந்த வெயில்ல எப்படிக்கா நனையும்?" என்று அவன் விழித்தான்.

"நான் நனைக்கலம்மா!" என்றார் மாமனார்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். நனைத்தீர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா."

"உள்ள என்னமோ உறுமுச்சும்மா. தம்பி குடுத்துட்டுப் போயிருச்சு. வாங்கின பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. கீழ வச்சேன். வச்ச வேகத்துல உர்ர்னு ஒரே உறுமல், பெட்டி தானா நகருது. தூக்கிட்டுப் போய் பக்கெட் தண்ணியில அமுக்கிட்டேன். அது அடங்கினதும் பையில கட்டி குப்பை வண்டியில போட்டுட்டேன். அப்புறம் நீ வந்து, எனக்காக வாங்கினேன்னு சொன்ன பாரு... அதுக்கு மேல எப்படிம்மா சொல்வேன்?"

சொல்லி முடித்து, டெலிவரிக்காரனைப் பார்த்துக் கை கூப்பினார். "தப்பு என்னுதுப்பா."

சல்லடைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பால் பாக்கெட் மனிதருக்கு உலகத்தைக் கண்டு நடுங்கச் சொல்லிக்கொடுத்தது யார்? அவள்தான். ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டதும் அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நில்லு தம்பி, இப்பவே சரி பண்ணிடறேன்" என்று ஃபோனை எடுத்தாள். தோழி வேலை முடிந்து போயிருந்தாள், மற்றவர்களைப் போலப் புகார் எண்ணுக்குத்தான் அடிக்க வேண்டியிருந்தது. நீண்ட காத்திருப்புக்குப் பிறகு எடுத்தவள், அவளிடமே பயிற்சி எடுத்த புதுப்பெண்.

"அக்கா, நீங்களா? சொல்லுங்க."

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். உறுமல், பக்கெட், குப்பை வண்டி, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது.

"பெட்டி இப்ப எங்கக்கா இருக்கு?"

"அதான் சொன்னேனே, குப்பை வண்டியில போயிடுச்சு."

"போட்டோ, வீடியோ ஏதாச்சும்?"

"பக்கெட்ல அமுக்கறதையா வீடியோ எடுப்பாங்க? வேணும்னா மாமாகிட்ட குடுக்கறேன், அவரே சொல்வாரு."

"வீட்டுப் பெரியவங்களைப் பேச வச்சா நம்பாதேன்னு நீங்கதானேக்கா சொல்லிக்குடுத்தீங்க."

மறுமுனை அமைதியானது. மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையிடம் "இந்தக் கதையைக் கேளேன்" என்று சொல்கிற நேரம் அது. எத்தனை தடவை அவளே சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தபோது புதுப்பெண்ணின் குரல் தணிந்திருந்தது.

"மேடம், அந்த டெலிவரிக்காரர் இப்ப உங்க பக்கத்துல நிக்கறாரா?"

"ஆமா."

"மிரட்டறாரா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. போலீசுக்கு நாங்க தகவல் குடுத்துடறோம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐடி மூடியதோடு போனது என்று நினைத்தால் இப்போது போலீஸ் வரைக்கும் போகிறது. உண்மையைச் சொல்லச் சொல்ல அவன் இன்னும் ஆழமாக மாட்டிக்கொண்டிருந்தான். இன்னும் மன்றாடினால் இன்னும் கெட்டுப்போகும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

என்ன சொன்னால் நம்புவார்கள் என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதைச் சொன்னால் நாளைக்குத் தன் கதி என்ன என்பதும் தெரியும். மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"யாரும் மிரட்டலை" என்றாள். "பார்சல் வந்துச்சு. நான்தான் வாங்கினேன். பணத்தைத் திரும்ப வாங்கலாம்னு பொய்ப் புகார் குடுத்தேன். அவர் ஐடியைத் திறந்து விட்ருங்க."

"ஓ" என்றாள் புதுப்பெண். விசைகள் தடதடவென்று தட்டப்படும் சத்தம் கேட்டது. "அவருக்கு உடனே திறந்துடறேன் மேடம். உங்க விஷயத்தை மேலே அனுப்பியாகணும், என்னை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க." பிறகு மனசு கேட்காமல், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

வாசலில் டெலிவரிக்காரனின் செல்போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தான். நன்றி சொல்வதா, தடுப்பதா என்று தெரியாமல், "அக்கா, உங்க வேலை..." என்று இழுத்தான்.

"நீ போ தம்பி. உனக்கு நேரமாகுது."

அவன் போன பிறகும் மாமனார் எழுந்திருக்கவில்லை.

"நம்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

"உடனே நம்பிட்டாங்க மாமா" என்றாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அழத் தொடங்கினாள்.