வினிஃப்ரெட் கொண்டுபோன பை

வாலண்டைனுக்கு நெஞ்சுவலி வந்தது ஜொகூர் பாலத்தில், மோட்டார் சைக்கிள் நெரிசலுக்கு நடுவே. சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையை முடித்துவிட்டு மலேசியாவில் உலு திராமிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். வரிசை நகரவேயில்லை. இடது தோளில் கல்லை ஏற்றிவைத்தது போலிருந்தது. பிறகு உடம்பெல்லாம் வியர்த்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

பக்கத்து வண்டியில் வந்தவர் பெயர் சோமு. முன்பின் தெரியாதவர். வாலண்டைன் சாய்வதைப் பார்த்ததும் தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

“அண்ணே, கண்ண மூடாதீங்க. என்னையே பாருங்க.”

பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பார்த்து, “ஓராங் சாக்கிட் லா!” என்று கத்தினார். உடம்பு சரியில்லாத மனுஷன் என்று புரிந்ததும் வரிசை பிளந்து வழிவிட்டது. குடிநுழைவு அதிகாரி ஒருவர் ஆம்புலன்சை வரவழைத்தார். சோமு அதன் பின்னாலேயே மருத்துவமனைவரை வந்து, வாலண்டைனின் மனைவி வினிஃப்ரெட் வந்துசேரும்வரை வெளியே காத்திருந்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டபோது, “எனக்கு வந்தா யாராச்சும் பிடிப்பாங்கல்ல, அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டான்.

பயம் தணிந்ததும் வினிஃப்ரெட்டுக்குக் கோபம் வந்தது. மாமனார் இதே நோயில் போனவர். அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஆட்டிறைச்சி சமைத்ததில்லை. எண்ணெயை அளந்துதான் ஊற்றுவாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஆனாலும் விடியுமுன்னே எழுந்து அவனுக்குப் பசியாற எதையாவது கட்டிக்கொடுக்காமல் அனுப்பமாட்டாள். அப்படியிருந்தும் கொழுப்பு இவ்வளவு ஏறியிருக்கிறது என்கிறாரே மருத்துவர்?

“உண்மைய சொல்லுங்க. வெளிய என்னா சாப்பிடுறீங்க?”

“ஒண்ணுமில்ல வினி. சத்தியமா நீ குடுக்குறதுதான்.”

“அப்ப நான் குடுக்குறதுதான் ரத்தத்துல போய் அடைச்சிக்கிச்சா?”

வீட்டுக்கு வந்த பிறகும் இருவருக்கும் நடுவில் அந்தக் கேள்வி உட்கார்ந்திருந்தது. மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள்.

மருத்துவமனை உணவியல் நிபுணர் அபர்ணா, வீட்டில் அவன் சாப்பிடும் பாக்கெட் சாமான்களை அப்படியே எடுத்துவரச் சொல்லியிருந்தார். வினிஃப்ரெட் சமையலறை அலமாரியையும் குளிர்பெட்டியையும் துழாவி, பெரிய துணிப்பை நிறைய எடுத்துக்கொண்டு வாலண்டைனோடு போனாள். தன்மேல் குற்றமில்லை என்று நிரூபிக்கப் போகிறவள் போல நிமிர்ந்து நடந்தாள்.

மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சர்க்கரையும் பால்பொடியும் கலந்தே வரும் த்ரீ இன் ஒன் கோப்பி. கிரீம் பிஸ்கட். ரொட்டியில் தடவும் மாஜரின். உறையவைத்த ரொட்டி சானாய் பரோட்டா, கிழங்கு வைத்த கறிபாப். அவசரத்துக்கு உடனடி மீ நூடுல்ஸ்.

“ஆட்டிறைச்சி கிடையாது, பொரிச்ச கோழி கிடையாது” என்றாள். “பாருங்க, இதுல கொலஸ்ட்ரால் இல்லைன்னே போட்டிருக்கு.”

அபர்ணா மாஜரின் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்.

“முன்பக்கம் போட்டிருக்கிறது பொய் இல்லக்கா. செடியில இருந்து வர்ற எண்ணெயில கொலஸ்ட்ரால் இருக்காது. ஆனா இதுல இருக்கிற கெட்டிக் கொழுப்பு உள்ள போனா, உடம்பே கெட்ட கொலஸ்ட்ரால ஏத்திடும். கோப்பியில பால் மாதிரி இருக்கே, அதுவும் பால் இல்ல. கெட்டிப்படுத்துன பாமாயில்.”

பிஸ்கட்டின் நடுவிலிருக்கும் கிரீமும் அதேதான். ரொட்டி சானாய் அடுக்கடுக்காகப் பிரிந்து வருவதும் அதனால்தான். மீயைக் காயவைப்பதே எண்ணெயில் பொரித்துத்தான். வினிஃப்ரெட் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கை மெல்ல நின்றது.

“எல்லாம் நான் கட்டிக்குடுத்தது” என்றாள்.

“இது மட்டும்தான் காரணம்னு சொல்லமாட்டேன்” என்றார் அபர்ணா. “அவங்க அப்பாவுக்கும் இருந்திருக்கு. ஆனா தினமும் சேர்ந்தா அதிகம்தான். இத குறைக்கிறது நம்ம கையில இருக்கு.”

காரில் ஏறியதும் வினிஃப்ரெட் சாவியைத் திருகாமல் அழுதாள்.

“உங்களயே திருடன் மாதிரி கேட்டேன். குடுத்தது நான்.”

வாலண்டைன் அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். “வினி, நாலு மணிக்கு எந்திரிச்சி யாரு எனக்குக் கட்டிக்குடுப்பா? பாலத்துல விழறப்ப உன் முகம்தான் தெரிஞ்சிச்சு. திரும்பப் பாக்க முடிஞ்சிச்சே, அதுவே போதும். தெரியாம செஞ்சோம். இப்ப தெரிஞ்சிச்சி.”

உடனே எல்லாம் நல்லபடியாக மாறிவிடவில்லை. அவள் முதலில் செய்த கோதுமை ரொட்டியைக் கடிக்க முடியாமல் இருவரும் சிரித்தார்கள். பால் சேர்க்காத கோப்பி ஓ அவனுக்கு மருந்து போலக் கசந்தது. சாயங்காலத்தில் பிஸ்கட் டின் இருந்த இடத்தைக் கை தானாகத் தேடியது. பேரங்காடியில் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி அவள் பின்பக்க எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்பதில், பின்னால் வண்டி தள்ளி வரும் சீனத்து ஆண்ட்டிகள் “அலமாக்” என்று அலுத்துக்கொண்டார்கள். இட்டிலி, அவித்த கடலை, வாழைப்பழம் என்று அவன் பை மெல்ல மாறியது. கல்யாண வீட்டில் ஒரு துண்டு கேக் தின்றால் அவள் தடுப்பதில்லை. தினமும் வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரையும் உதவியிருக்கிறது, சாப்பாடும் உதவியிருக்கிறது என்றார் மருத்துவர். வினிஃப்ரெட் அபர்ணாவின் அறைக்குப் போய், என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நான் டப்பாவதானே திருப்பிக் காட்டுனேன்” என்று அபர்ணா சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று பாதிரியார் அழைத்தார். கூட்டத்தில் பேசவே கூச்சப்படும் வாலண்டைன் எழுந்து போனான். ஒலிவாங்கி முன் நின்று வெகுநேரம் தொண்டையைச் செருமினான். கடைசியில், “உயிரோட இருக்கேன். என் வீட்டுக்காரிக்கு ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டான்.

கர்த்தருக்கு என்று சொல்ல வந்தவன் வாய் தவறிவிட்டது. முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, கோயிலே சிரித்தது. பாதிரியாரும் சிரித்தபடி, “ஆமென்” என்றார். வினிஃப்ரெட் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.