சாமைப் பானை

நனைந்த போனை அரிசிக்குள் போட்டு வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று கரியன் யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். கல்வராயன் மலையில் அவர் வீட்டில் இருந்தது சாமைதான். கூரை ஒழுகி மகள் நர்மதாவின் லேப்டாப் நனைந்ததும் அதைச் சாமைப் பானைக்குள் புதைத்துவிட்டார். மூன்று நாள் கழித்தும் அது ஆன் ஆகவில்லை.

கள்ளக்குறிச்சியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்த சரத்குமார் அதன் அடிமூடியைக் கழற்றியதும் மேசையெல்லாம் சாமை கொட்டியது. அவன் உடனே தன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தான்.

"இன்னா பண்ண பெருசு? முதல்லேருந்து சொல்லு."

ரிப்பேருக்காகத்தான் கேட்கிறான் என்று நினைத்து, பானை வாயைத் துணியால் கட்டியது வரைக்கும் கரியன் ஒன்றுவிடாமல் சொன்னார். கடையே குலுங்கிச் சிரித்தது. நர்மதா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா, கேக்குறாருல்ல."

"போர்டு போச்சு, எடுத்துக்கினு போ" என்றான் சரத்குமார்.

மாலையில் மலைக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரரின் போனிலிருந்து கரியனின் குரல் வந்தது. சுற்றிலும் சிரிப்பு. நர்மதா துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.

கரியனுக்கு முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சும்மா. இனிமே யாரும் சாமையில போட மாட்டாங்க."

பிறகு முன்பக்கம் குனிந்து சொன்னார்: "தம்பி, சத்தத்த ஜாஸ்தி வையிங்க. எல்லாரும் கேக்கட்டும்."