சுப்பையன் முறை

"எழுதி வெச்சுக்கங்க. எம் புருஷன் இன்னிக்கி வயலுக்குத் தண்ணி வெச்சுட்டுத்தான் சுடுகாட்டுக்குப் போவாரு."

ஃப்ரீசர் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்த சுப்பையனின் தலைமாட்டில் உட்கார்ந்து அல்லி இதைச் சொன்னபோது, ஒப்பாரிக்கு வந்த பெண்கள் பாதி அழுகையில் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஆமாக்கா, வெப்பாரு, வெப்பாரு" என்றாள். துக்க வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தவன் மகன் மாறன் ஒருவன்தான்.

"அம்மா, சும்மா இரும்மா. செத்தவரு எப்படிம்மா மடை தொறப்பாரு?"

"நீ தொறக்க முடியாதுல்ல? அப்ப அவருதான் தொறக்கணும்."

கணக்கு என்னவோ சரிதான். காவிரி குடகில் புறப்பட்டு, வழியில் கண்ட ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு, கடைசியில் இந்தப் பூவத்துக்கு வந்து சேரும்போது இலை கழுவுகிற தண்ணீர்தான் மிஞ்சும். அதையும் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். இன்று பொழுது சாயும்வரை சுப்பையன் முறை, அதற்குப் பிறகு கீழ்வயல் நீலமேகத்தின் முறை. முறைக்காரர் தன் கையால் மடையைத் திறக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் பிள்ளை. மூன்றாவது கை பட்டால் செல்லாது. மண்டைகள் உடைந்து உடைந்து ஊர் கண்டுபிடித்த ஒழுங்கு அது. சாவு விழுந்த வீட்டுப் பிள்ளையோ கொள்ளி வைத்துக் குளிக்கும்வரை மண்வெட்டியைத் தொடக் கூடாது. மும்பையிலிருந்து சுப்பையனின் தம்பி வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுக்க முடியும். அவர் வருவதற்குள் வெயில் மேற்கே இறங்கிவிடும்.

புரட்டாசி முடியப்போகிறது, மழையைக் காணோம். நட்ட பயிர் நுனி கருகி நிற்கிறது. வயல் வெடித்த வெடிப்பில் ஒரு கன்றுக்குட்டி விழுந்து அடுத்த ஊரில் ஏறி வந்ததாக ஒரு பேச்சு உண்டு. இந்த முறை தவறினால் மாட்டுக்குத்தான் ஆகும்.

பயிர் போனால் வயலும் போகும். அதற்குத்தான் வாசலில் ஆட்கள் மாலையோடு காத்திருந்தார்கள்.

"மாப்ள, இப்படி வா." அக்காள் புருஷன் செந்தில்குமார் மாறனைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். காரைக்கால் கோவில்பத்தில் வீடு, உலகத்து நம்பரெல்லாம் அவரிடம் உண்டு. "எறாப் பண்ணைக்காரரு வந்து மாலை போட்டாரு பாத்தியா? அதப் பாத்துட்டு பிளாட் போடுறவரு அத விடப் பெரிய மாலையா வாங்கிட்டு வந்துட்டாரு. பெட்ரோல் பங்க் பார்ட்டி போன்ல இருக்கான். சோலார்காரனும் கேக்குறான். நீ ஒன்னும் இப்பவே சொல்ல வேணாம். எல்லாத்தையும் ஓப்பனா வெச்சுக்க."

ஓப்பனாக வைத்துக்கொள்வதில் மாறனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவன் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதனாலேயே எதையும் வேண்டும் என்றும் சொன்னதில்லை. உலகத்துச் செருப்பையெல்லாம் போனில் பார்த்து முடிப்பதற்குள் காலில் கிடந்தது அறுந்துபோய், நண்பன் கல்யாணத்துக்கு வெறுங்காலோடு போனவன். பெண் பார்த்த வீடுகளில் அவன் சாப்பிட்ட கேசரியைக் கொட்டினால் காரைக்கால் கடற்கரையில் அலை இரண்டடி தள்ளிப் போகும். அந்தப் பெண்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. ஐதராபாத் வேலை ஒரு பக்கம் கூப்பிடுகிறது, கனடா ஒரு பக்கம்.

"ஒரே வயல், ஒரே வாய்க்கா. சலிக்கலையாப்பா?" என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டிருக்கிறான்.

"எதுக்கு?" என்றார் சுப்பையன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

மும்பைக்காரர் ஒருவழியாக வந்து சேர்ந்தார், அழுதார். நெய்ப்பந்தம், வாய்க்கரிசி எல்லாம் முடிந்தது. செந்தில்குமார் போனை நீட்டினார். "சொர்க்க ரதத்துல மூணு மாடல் இருக்கு மாப்ள. கண்ணாடி வெச்சது, லைட்டு வெச்சது, மயில் வெச்சது. பாத்து ஒன்னு சொல்லு. ரோட்டு வழியா பத்து நிமிஷத்துல போயிரலாம்."

மாறன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மயில் நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள்லயே தூக்கிரலாம் மாமா. வாய்க்கா கரை வழியா."

"கரையா? தண்ணி ஊறிக் கெடக்குய்யா, வழுக்கும்!"

"பரவால்ல."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. தோள் கொடுக்க வந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஈர வேட்டியும் வெற்று மார்புமாக, கொள்ளிச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாறன் முன்னால் நடந்தான். கொள்ளி தூக்கியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் போன் செந்தில்குமார் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே வந்தது. எடுக்கக் கையில்லை, வைத்துக்கொள்ளப் பையுமில்லை. இத்தனை வருடத்தில் அவன் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிராத முதல் கால்மணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

சூரியன் பனைமரங்களின் இடுப்புக்கு வந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் அவர்களோடு கூடவே நடந்து, சுப்பையன் வயலைத் திரும்பியும் பாராமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

பாதி வழியில் பாடையை இறக்கித் தோள் மாற்ற வேண்டும். இறக்கப் போன இடம் சுப்பையன் வயலின் மடை. முன்னால் நின்றவனின் கால் வழுக்கியது; அவன் பின்னால் நின்றவனை இழுத்தான்; அடுத்த நொடி நான்கு பேரும் சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஊரே கூச்சல் போட்டது. மாறன் திரும்பிவிட்டான்.

கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து, சுப்பையனின் வலது கை வெளியே சரிந்து, மடையை அடைத்திருந்த மண்ணுக்குள் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. சேற்றிலிருந்து எழுந்தவர்கள் பதறிப்போய்ப் பாடையைத் தூக்கினார்கள். கையோடு மண்ணும் பெயர்ந்து வந்தது. தண்ணீர் ஒரு கணம் நின்று யோசித்ததுபோல் சுழன்று, வயலுக்குள் திரும்பியது.

"எவன்டா மடையத் தொறந்தது?"

கீழ்வயலிலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தார் நீலமேகம். காலையில் சுப்பையன் காலைக் கட்டிக்கொண்டு கதறிய அதே மனிதர்தான். அவர் பயிரும் இதே வெயிலில்தான் நின்றது.

"வழுக்கி விழுந்துட்டோம்ணே" என்றான் சேற்றைத் துப்பிக்கொண்டு ஒருவன்.

"கால் வழுக்குனதெல்லாம் முறை ஆகாது. அண்ணன் கை படணும், இல்ல மாறன் கை படணும். நான் அடைக்கப் போறேன்." மண்ணை வெட்டி ஓங்கியவர், பாடையைப் பார்த்ததும் தயங்கினார். "மாறா, நீதான் முன்னால நின்ன. சொல்லு. எப்படித் தொறந்துச்சு?"

எல்லோரும் மாறனைப் பார்த்தார்கள். மடை திறந்தபோது விழுந்தவர்கள் கண்ணெல்லாம் சேறு. பின்னால் வந்தவர்களுக்குப் பாடையே மறைத்துவிட்டது. செந்தில்குமார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாறனின் காதோரம் வந்தார்.

"வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டு வா மாப்ள. பயிர் போனா போவுது. ஒனக்கு ஆயிரம் வழி இருக்கு."

ஒரே வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் ஆயிரம் வழியும் அப்படியே திறந்து கிடக்கும். மற்றதைச் சொன்னால் இன்றோடு முடியாது. களை இருக்கிறது, உரம் இருக்கிறது, அடுத்த முறை இருக்கிறது. தை அறுப்புவரை இந்த மடைக்கு ஒரு கை வேண்டும். வீட்டில் இனி ஒரு கைதான்.

தண்ணீர் முதல் வெடிப்புக்குள் இறங்கிக் குமிழியிட்டது. பனையின் காலடியில் சூரியன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

போன் மறுபடி அடித்தது. "ஐதராபாத் மாப்ள. இன்னிக்கே சொல்லணுமாம்."

"வரலன்னு சொல்லிருங்க மாமா."

"என்னது?"

"வரலன்னு சொல்லுங்க."

செந்தில்குமார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. நீலமேகம் மண்வெட்டியை இறக்காமல் கேட்டார். "இப்ப தொறந்து விட்டுட்டுப் போயிட்டா, அடுத்த முறைக்கு யாரு வருவா?"

"நான் வருவேன் சித்தப்பா."

"சரி. இதுக்குப் பதில் சொல்லு. யாரு தொறந்தது?"

கொள்ளிச்சட்டியின் சூடு உள்ளங்கையில் இப்போதுதான் உறைத்தது. அப்பாவின் விரல்களிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

"திரும்பிப் பாக்கக் கூடாதும்பாங்க. பாத்துட்டேன்" என்றான் மாறன். "அப்பாதான் தொறந்தாரு. தன் கையால."

நீலமேகம் மண்வெட்டியைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, பாடைக்குத் தோள் கொடுத்தார்.