வலை விரித்த தெரு

ஆஸ்பத்திரியின் தனுர்வாத அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாளியின் இரும்புக் கைப்பிடியில் பழைய கட்டுத்துணி சுற்றியிருக்கும். கதவுக் கீல்களுக்கு வார்டு ஆள் உசேன் தினமும் விளக்கெண்ணெய் விடுவார். சன்னல்களில் கறுப்புத் துணி. ஊசி போட வேண்டுமென்றால் நர்ஸ் ஞானசுந்தரி தன் முழங்கையைத் தொட்டுக் காட்டுவாள். உதட்டில் இரண்டு விரல் வைத்தால் தண்ணீர். உள்ளங்கையைத் திருப்பினால் நோயாளியைப் புரட்ட வேண்டும். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், கட்டிலில் கிடப்பவரின் உடம்பு வில்லாக வளைந்துவிடும். பின்மண்டையும் குதிகாலும் மட்டும் மெத்தையில் படும். மூச்சு அப்படியே நிற்கும். சிலருக்குத் திரும்பி வரும்.

ராயபுரத்தில் இப்படி ஓர் அறையை நடத்துவது எளிதல்ல. மதிலுக்கு அப்பால் கருங்கல் பாவிய தெரு. துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் மாட்டு வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் அதில் காலையிலிருந்தே கடகடக்கும். உசேன் வண்டிக்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்தார். சிலர் சுற்றிப் போனார்கள். பலர் சிரித்தார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் பிணங்களும் அந்த வழிதான். ஆனால் உசேன் ஒருமுறை சொன்ன பிறகு, சாவு மேளக்காரர்கள் மதில் தொடங்கும் இடத்தில் கையை நிறுத்திவிடுவார்கள். மதில் முடிந்த பிறகுதான் மறுபடி அடிப்பார்கள். ஞானசுந்தரி அதை நினைத்துக்கொண்டே இருப்பாள். துக்கத்தில் இருப்பவர்களிடம் மௌனத்தைக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்போது கட்டிலில் கிடந்தவன் காசிமேட்டு மீனவன் சின்னப்பையன். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது மணலில் புதைந்து கிடந்த துருப்பிடித்த பீப்பாய் வளையம் காலில் ஏறிவிட்டது. வரும்போதே தாடை பூட்டிக்கொண்டிருந்தது. சீரம் போட்டார்கள், பெனிசிலின் போட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். இனி செய்வதற்கு அதிகமில்லை, அமைதியாக வைத்திருங்கள் என்றார் டாக்டர். அவன் மனைவி கோவிந்தம்மா மீன் விற்பவள். அவள் குரல் கேட்டால் அடுத்த கடைக்காரி கூவுவதை நிறுத்திவிடுவாள் என்று பெயர். முதல் நாள் வாசற்படியில் நின்று, "ஐயோ, என் ராசா!" என்று அவள் அலறிய அலறலில் அவன் உடம்பு வளைந்தது. தன் குரல் என்ன செய்தது என்பதை அவள் கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு மத்தியானம் அவன் வாய் திறந்தது. ஒரு விரல் நுழையும் அளவுதான். ஆயா பச்சையம்மா கரண்டியால் கஞ்சித் தெளிவை விட, அவன் விழுங்கினான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சந்தோஷத்துக்கு அவர்களிடம் சைகை இல்லை. உசேன் தன் குல்லாயைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

துணி துவைக்கும் குழாயடிக்குப் போனதும் பச்சையம்மாவின் வாய் தன் வழிக்கு வந்தது.

"நானும் புளியாந்தோப்புல எத்தினி ஜன்னிய பாத்துகிறேன். வாயி தொறந்துட்ச்சினா ஆளு பொயச்சிக்கும். இல்ல பாய்?"

"நீ மொதல்ல உன் வாய மூடு ஆயா. இன்னும் இழுப்பு முழுசா நிக்கல. டாக்டர் சொல்றவரிக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடாத."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? செவுத்துகிட்டயா?"

ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கேட்டில் கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தாள். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பச்சையம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லிப் பச்சையம்மா தப்பித்திருப்பாள்.

"உன் ஊட்டுக்காரு கஞ்சி குட்ச்சிட்டாருமே," என்று சொல்லிவிட்டாள்.

கோவிந்தம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினாள்.

மறுநாள் காலை டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு, ஞானசுந்தரி கறுப்புத் துணியின் ஓரத்தில் வைக்கோல் புகை வாசனையை உணர்ந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். மதிலோரம் நெருப்பு மூட்டி மேளத் தோலை வாட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் துணி கட்டிய ஆட்கள், வேப்பிலை, பூக்கரகம். சின்னப்பையனின் அண்ணன் பரசுராமன் கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். உயிர் பிழைத்தவன் இருக்கும் வாசலுக்கே அம்மனைக் கொண்டுவந்து ஆடிக் காட்டுவது அந்தக் குப்பத்து வழக்கம். மேளமில்லாமல் அம்மன் அடியெடுத்து வைக்கமாட்டாள்.

அவள் திரும்புவதற்குள் முதல் அடி விழுந்தது.

சின்னப்பையன் வளைந்தான். ஞானசுந்தரி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டும் முன்பே உசேன் அவன் தோளுக்கடியில் கையைக் கொடுத்திருந்தார். பக்கவாட்டில் புரட்டினார்கள். அவள் அவன் பற்களுக்கு நடுவே துணி சுற்றிய கட்டையை வைத்து, வாயில் சேர்ந்த எச்சிலைத் துடைத்தாள். பச்சையம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஞானசுந்தரிக்கு எல்லாம் புரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையம்மா புடவையைத் தூக்கிச் செருகி, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, ஓடினாள்.

இரண்டாவது அடி வந்தது. மூச்சு நின்றது. உதடு நீலமாயிற்று. ஞானசுந்தரி தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளைப் பொத்தினாள். மூன்றாவது அடி இந்த உடம்புக்கு அதிகம் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

அத்தனை நாள் அவள் காத்துவந்த மௌனம் வேறு, இது வேறு. மதிலுக்கு அப்பால் அத்தனை பேர் நின்றுகொண்டே உண்டாக்கிய மௌனம் இது. அது எந்த நொடியும் உடையலாம். கைகளை எடுக்கப் பயந்து அப்படியே குனிந்து நின்றாள். அவள் விரல்களுக்குக் கீழே முதலில் தாடை தளர்ந்தது. பிறகு கழுத்து. பிறகு பழைய துருத்தி ஒன்று இழுப்பதைப்போல மூச்சு உள்ளே போயிற்று. உசேன் கண்களை மூடிக்கொண்டார்.

அன்று குழாயடியில் பச்சையம்மா நடந்ததைச் சொன்னாள்.

"நான் கத்தவும் முடியாது, கும்பல்ல பூரவும் முடியாது. கைய ஆட்டிக்கினே ஓட்றேன். அந்த பரசுராமன் இன்னாடான்னா, 'இன்னாமே, உனுக்கும் அருள் வந்துட்ச்சா?'ன்றான். கோய்ந்தம்மாதான் என் மூஞ்ச பாத்துச்சி. ஒரு வார்த்த பேசல சிஸ்டரம்மா. மேளத்துமேல ரெண்டு கையையும் வெச்சி அப்டியே படுத்துக்கிச்சி. மேளக்காரன் குச்சிய தூக்கினவன் தூக்கினவன்தான்."

"அப்பறம்?" என்றார் உசேன்.

"அப்பறம் நான் சொன்னேன். சத்தம் கேட்டா உன் தம்பி செத்துப் பூடுவான்யான்னேன். அவனுக்கு கண்ணுல தண்ணி. 'அம்மாவ எறக்கவும் கூடாது, மேளம் இல்லாம தூக்கவும் கூடாது. நாங்க இன்னாதாம்மே செய்யறது'ன்றான். அந்நேரம் பாத்து ஒரு மூட்ட வண்டி வருது, கடகடன்னு. நான் போயி மாட்டு மூக்கணாங்கயித்த புட்ச்சிக்கினு தொங்குறேன். வண்டிக்காரன் திட்றான். பரசுராமன் வண்டிய பாக்கறான், சக்கரத்த பாக்கறான், கல்ல பாக்கறான்."

பேச்சை நிறுத்திவிட்டு, "சொன்னது நான்தான் சிஸ்டரம்மா. என்ன சீட்டு கிழிச்சி அனுப்பிடுங்க," என்றாள்.

ஞானசுந்தரி குழாயை மூடினாள். சாவு மேளம் தானாக நிற்கிறது. சந்தோஷத்துக்குத்தான் நிற்கத் தெரியவில்லை. அது யாருடைய குற்றம்? கேட்டில் உட்கார்ந்திருந்தவளை அவள் ஒவ்வொரு நாளும் கடந்து போயிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதைச் சொல்லலாம், எதுவரை நம்பலாம் என்று பொறுமையாக உட்கார்ந்து விளக்கியிருந்தால், பச்சையம்மா தனியாக அந்தப் பார்வைக்கு எதிரில் நின்றிருக்கமாட்டாள்.

அறைக்குத் திரும்பியதும் கரண்டியை எடுத்துப் பச்சையம்மாவின் கையில் கொடுத்து, உதட்டில் இரண்டு விரல் வைத்துக் காட்டினாள். பச்சையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள். அன்று சாயங்காலம் முதல் மூவரில் ஒருவர் கேட்டுக்குப் போய்க் கோவிந்தம்மாவின் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து, அன்றைய நிலையை உள்ளபடி சொல்லிவிட்டு வருவதென்று வழக்கமாயிற்று.

மறுநாள் விடிந்ததிலிருந்து தெருவில் ஏதோ குறைந்திருந்தது. வண்டிகள் போகின்றன, மாடுகள் செருமுகின்றன, ஆனால் சக்கரம் கடகடக்கவில்லை. ஞானசுந்தரி சன்னல் துணியை விலக்கினாள். மதில் நெடுகிலும் கருங்கல்லின்மேல் பழைய மீன்வலைகள் விரித்திருந்தன. கிழிந்த பருத்தி வலைகள், மடிப்பு மேல் மடிப்பாக, மெத்தைபோல. இரண்டு பேர் தண்ணீர் தெளித்து மணலை மேலே போட்டுக்கொண்டிருந்தார்கள். விலகிப்போன வலையைப் பரசுராமன் இழுத்து நேராக்கினான். வேம்பு அம்மனின் இடம் என்பதால் தெருமுனை வேப்பங்கன்றின் அடியில் பூக்கரகத்தை இறக்கியிருந்தார்கள். மேளம் அடிக்கும் நாள் வரும்வரை அம்மனும் அங்கேயே இருப்பாள் என்று முடிவு செய்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் காவலிருந்தார்.

"நாறுது சிஸ்டர், தெருவே கருவாட்டுக் கட மாரி," என்றார் உசேன், வராந்தாவில், மிகுந்த திருப்தியோடு.

இழுப்பு நாளுக்கு நாள் குறைந்தது. டாக்டர் ஒரு நாள் காலை சன்னலின் கறுப்புத் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அன்று ஞானசுந்தரி கேட்டுக்குப் போய்க் கோவிந்தம்மாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவள் கால் கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அவன் கண் திறந்து பார்த்தான். அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு, ஒரு விரலால் அவன் கையைத் தொட்டாள்.

சின்னப்பையன் நெடுநேரம் அவளையே பார்த்தான். பிறகு பூட்டியிருந்த தாடையை மெல்ல அசைத்து, கரகரத்த குரலில் கேட்டான்.

"இன்னாடி, பேசாம கீற? ஒடம்புக்கு எதுனா ஆயிட்ச்சா உனுக்கு?"

கோவிந்தம்மா ஞானசுந்தரியைத் திரும்பிப் பார்த்தாள். பேசலாம் என்று ஞானசுந்தரி தலையசைத்தாள். பச்சையம்மா, வரப்போகும் குரலுக்குத் தயாராகக் கதவைச் சாத்தினாள்.